பெயர் வைக்கும் முன்பே எண்ணியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று கழுத்தில் கிடக்கும், இன்னொன்று கையில் நிற்காமல் ஓடும் என்பீர்கள். அணுவுக்குள் போய்க் கேட்டால் பதில் சின்னது: ஒரு புரோட்டான். தங்கத்தின் அணுவில் 79, பாதரசத்தில் 80. எத்தனை புரோட்டான் என்பதுதான் ஒரு தனிமம் எது என்பதை முடிவு செய்கிறது. அதை எண்ணிக் காட்டிய ஓர் இளைஞரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் அணுவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நடுவில் அணுக்கரு. அதற்குள் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்களும், மின்னூட்டமே இல்லாத நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. வெளியே எலக்ட்ரான்கள். ஒரு புரோட்டானின் நிறை, எலக்ட்ரானின் நிறையைப்போல 1836 மடங்கு. ஹைட்ரஜனின் கருவில் பொதுவாக ஒரே ஒரு புரோட்டான்தான். அதைக் கடுகு அளவுக்குப் பெரிதாக்கினால், அணு நூறு மீட்டரையும் தாண்டிப் பரந்து கிடக்கும். பாடப்புத்தகத்தில் எலக்ட்ரான்கள் கோள்கள் மாதிரி வட்டமடிக்குமே, அந்தப் படம் பரீட்சைக்கு உதவும். அணுவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சரி, நம் ஆளுக்கு வருவோம். பெயர் ஹென்றி மோஸ்லி, இங்கிலாந்தின் இயற்பியலாளர். அணுவுக்கு நடுவே கரு இருக்கிறது என்று 1911இல் சொன்ன ரூதர்ஃபோர்டின் மான்செஸ்டர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தனிமங்களைப் பெரும்பாலும் அணு எடையை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். சில இடங்களில் கணக்கு உதைத்தது. கோபால்ட்டின் எடை 58.93, நிக்கலின் எடை 58.69. எடைப்படி நிக்கல் முன்னால் வர வேண்டும். குணத்தைப் பார்த்தாலோ கோபால்ட்தான் முன்னால்.

மோஸ்லி 1913இல் செய்த சோதனையைக் கேளுங்கள். காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் குட்டித் தண்டவாளம். அதன்மேல் ஒரு சின்ன வண்டி. வண்டியில் வரிசையாக உலோகத் துண்டுகள். தூண்டிலுக்குப் போடும் பட்டு நூலால் வண்டியை இழுத்து இழுத்து, ஒவ்வொரு துண்டையும் எலக்ட்ரான் கற்றைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். அடிபட்ட உலோகத்திலிருந்து எக்ஸ் கதிர் கிளம்பும். அதை ஒரு படிகத்தின்மேல் விழவைத்துப் பிரித்து, புகைப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிவு செய்தார்.

கருவின் மின்னூட்டம் கூடக்கூட, உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணும் கூடும். அந்த அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய ஒரே அளவு ஏற்றம், படிக்கட்டு ஏறுகிற மாதிரி. கோபால்ட் 27ஆம் படி, நிக்கல் 28ஆம் படி. படியின் எண்தான் கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. எடை சொன்னது தப்பு, குணம் சொன்னது சரி. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: 'புரோட்டான்' என்ற சொல்லே அப்போது கிடையாது. நைட்ரஜன் மீது ஆல்பா துகள்களை, அதாவது ஹீலியத்தின் கருக்களை, மோதவிட்டு, அதிலிருந்து ஹைட்ரஜன் கரு தெறிப்பதைக் கண்டுபிடித்த பிறகு, 1920இல்தான் ரூதர்ஃபோர்டு அந்தப் பெயரை வைத்தார். 'முதல்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. நியூட்ரான் பிடிபட இன்னும் நாளாயிற்று. 1932இல் இயற்பியலாளர் சாட்விக் கண்டுபிடித்தார்.

படிக்கட்டில் மோஸ்லிக்குச் சில படிகள் காலியாகத் தெரிந்தன. 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இன்னும் கிடைக்கவில்லை என்று 1914இல் எழுதினார். அதே ஆண்டு உலகப்போர் வந்தது. அவராகவே போய்ப் படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10 அன்று, துருக்கியின் கலிபோலியில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27. அப்புறம் 1925இல் 75ஆம் எண்ணுக்கு ரீனியம் கிடைத்தது. 1937இல் 43க்கு டெக்னீசியம். 61ஆம் படிக்குரிய புரோமித்தியம் 1945இல் கிடைத்தபோது, அவர் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.