55 எதிரிகளும் ஒரு சில்லும்

வணக்கம் நேயர்களே. கல்லூரி ஆய்வகத்தில் 8085 என்ற நுண்செயலிச் சில்லின் பயிற்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, சில்லின் கட்டளைகளாலேயே எழுதும் அசெம்பிளி நிரலை எண்களாக மாற்றி ஒவ்வொன்றாகத் தட்டியவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஓர் எண் பிசகினால் போயிற்று. அந்தச் சில்லுக்கு அண்ணன், இன்டெல் 8080. அதை வைத்துத்தான் 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாதோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார். வரிசை வரிசையாக இறங்கிவரும் 55 வேற்றுக்கிரக எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் வீடியோ ஆட்டம் அது.

முழு நிரலும் 8 கிலோபைட். நம் கைபேசிக்குத் தினமும் வந்து விழும் ‘காலை வணக்கம்’ படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

சில்லின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 லட்சம் கடிகாரத் துடிப்புகள். திரையோ நொடிக்கு 60 முறை மாறுகிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு முறைக்கு ஏறத்தாழ 33,000 கடிகாரத் துடிப்புகள். ஒரு கட்டளையே 4 முதல் 18 துடிப்புகளை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, 8080-க்கு பிட்டுகளை, அதாவது திரைப்புள்ளிகளைக் குறிக்கும் 0, 1 இலக்கங்களை, ஒவ்வோர் இடமாகத்தான் நகர்த்தத் தெரியும். உருவத்தை ஐந்து புள்ளி தள்ளி வரைய ஐந்து முறை நகர்த்த வேண்டும். அதனால் அந்த வேலைக்கென்றே ஆட்டத்தின் மின்சுற்றுப் பலகையில் தனிச் சுற்று ஒன்றை வைத்தார்கள்.

அப்படியும் 55 எதிரிகளை ஒரே மூச்சில் நகர்த்த நேரம் போதவில்லை. திரை மாறும் ஒரு முறைக்கு ஓர் எதிரி மட்டுமே நகரும். படை முழுவதும் ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி. சுட்டு வீழ்த்த வீழ்த்த வரிசை குறைகிறது, மிஞ்சியவர்களுக்கு முறை சீக்கிரம் வருகிறது. 10 பேர் என்றால் நொடிக்கு 6 அடி. கடைசி ஆளுக்கு 60. இதற்காக நிரலில் யாரும் எதையும் எழுதவில்லை. நிஷிகாதோ இதைக் குறையென்று திருத்தவும் இல்லை. ஆட்டம் சூடுபிடிக்கிறதே என்று விட்டுவிட்டார். நானாக இருந்தால் திருத்தித் தொலைத்திருப்பேன்.

ஆனால் பின்னணியில் முரசுபோல ஒலிக்கும் நான்கு தாழ்ந்த சுரங்கள் தானாக வேகமெடுக்காதே! எத்தனை எதிரிகள் மிச்சம், அடுத்த ஒலிக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சிறு அட்டவணை அதற்காகவே நிரலில் இருக்கிறது. அதைப் பிரித்துப் படித்தபோது இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படை தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. பின்னாலேயே ஓட ஒரு முரசுக்காரனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.