குனிந்த நாலு தலைகள்

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் தொழில்நுட்பம் துணையா, தொல்லையா என்பது கேள்வி. ‘துணையே’ என்று பேசுவதற்கு ஒரு தாள் நிறையக் காரணங்கள் எழுதி வந்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சொன்ன ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் என்னால் வேறு எதுவும் பேச முடியாது.

என்ன சொன்னார்? கடற்கரைக்குப் போனாராம். அங்கே ஒரு குடும்பம், நாலு பேர். நாலு பேரும் ஒரே கைபேசிக்கு மேல் குனிந்து கிடந்தார்களாம். அலை வந்து காலை நனைத்தும் ஒரு தலைகூட நிமிரவில்லையாம். "இவர்கள் கடலைப் பார்க்க வந்தவர்களா, கைபேசியைப் பார்க்க வந்தவர்களா? அதில் ஒருத்தராவது மென்பொருள் ஆளாகத்தான் இருப்பார்!" என்று என் பக்கம் கை காட்டினார். அரங்கமே கைதட்டியது.

அவர் பார்த்த குடும்பம் எதுவோ எனக்குத் தெரியாது. ஆனால் இதே மாதிரி ஒரு கடற்கரையில், இதே மாதிரி நாலு தலைகள் குனிந்திருந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஏன் குனிந்தோம் என்று சொல்கிறேன்.

என் அப்பாவுக்குக் காது மங்கி எட்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துவிடுவார். வெளியே போனால்தான் கஷ்டம். காற்று, கூட்டம், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்ந்து காதுக் கருவிக்குள் ஒரே இரைச்சலாகப் போகும். முதலில் கருவியை அணைப்பார். அப்புறம் பேச்சை நிறுத்திக்கொள்வார். நாங்கள் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே அவரும் சிரிப்பார், எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி. "என்னப்பா சொன்னா?" என்று முன்பெல்லாம் கேட்பார். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று நாங்கள் சொல்லிச் சொல்லியே, கேட்பதையும் விட்டுவிட்டார்.

அன்று, பேச்சை எழுத்தாக்கும் செயலியைக் கைபேசியில் போட்டு அவர் மடியில் வைத்தேன். நாம் பேசப் பேச எழுத்து வரும். முதலில் ஏதோ ஒரு சொல் விழும். அடுத்தடுத்த சொற்கள் வந்ததும் முந்தியதைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் கடற்காற்று விடுமா? மைக்கில் காற்று அடித்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. அப்பா தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தார். பேசுவதற்காக என் மகள் குனிந்தாள். மனைவி குனிந்தார். நான் குனிந்தேன். படிப்பதற்காக அப்பா குனிந்தார். எண்ணிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே, நாலு தலை!

மகள் பள்ளி நாடகக் கதையைச் சொன்னாள். அவளுக்கு மரம் வேஷம். அசையாமல் நிற்க வேண்டும். ராஜா வசனம் பேசும்போது இவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. திரையில் ‘மரம் நம்பியது’ என்று விழுந்தது. அப்பா புருவத்தைச் சுருக்கினார். அந்தச் சொல் அப்படியே மாறியது, ‘மரம் தும்மியது’. அடுத்த வரி: ‘ராஜா பயந்து போய், புயல் வருகிறது ஓடுங்கள் என்று கத்திவிட்டான்.’ அப்பாவின் கண் வரியின் கடைசிக்குப் போகும்வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அப்புறம் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். ஒன்றாக! "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னாள். மறுபடி தும்மியது மரம், மறுபடி ஓடினான் ராஜா. மூன்றாம் தடவை அப்பாவே தும்மிக் காட்டினார். அலை வந்து காலை நனைத்தது. நாங்கள் நிமிரவில்லை. நண்பர் பார்த்தது சரிதான்.

1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மா காது மங்கியவர். அவர் மனைவி மேபல் சிறுவயதுக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். இணையத்தில் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான அடிப்படை விதிகளை ராபர்ட் கானோடு சேர்ந்து வகுத்த வின்ட் செர்ஃப் காதுக் கருவி போட்டவர். 2019இல் கூகுள் வெளியிட்ட பேச்சு-எழுத்துச் செயலிக்குப் பின்னால் இருந்த திமித்ரி கனெவ்ஸ்கி, சிறுவயதிலிருந்தே காது கேளாத ஆராய்ச்சியாளர். எதிரணி தொல்லை என்று தள்ளும் பெட்டிக்குள் இப்படிப்பட்டவர்களின் வீடுகளும் இருக்கின்றன.

வேலை அழைப்பு வந்து வெளியூர்ப் பயணத்தைக் கெடுக்கிறதே என்றும் கேட்டார்கள். விடுப்புக்கு முன்னால் சர்வர் பொறுப்பை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நான் கிளம்புகிறேன். அது மேலாளரிடம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கைபேசியைத் திட்டித் தீராது.

மணி அடித்துவிட்டது. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

அன்று இருட்டும் நேரம். நாங்கள் பேசாமல் இருந்தோம். திரை வெறுமையாக இருந்தது. அப்பா கடலைக் காட்டி, "இது பேசுறது மட்டும் எழுத்துல வரலையே" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. மகள் கைபேசியை வாங்கினாள். இரண்டு கட்டைவிரலாலும் தட்டித் தட்டி எழுதிக் கொடுத்தாள்: ‘தாத்தா, தூரத்துல ஹோன்னு இருக்கு. கிட்ட வந்ததும் படார். திரும்பிப் போறப்ப ஷ்ஷ்ஷ்.’

அப்பா படித்தார். தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவரோடு நிமிர்ந்தோம். ஒரு அலை எழுந்தது, வந்தது, உடைந்தது. அது மணலை விட்டு வழுக்கிப் போகும்போது, அப்பா மெதுவாகத் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்:

"ஷ்ஷ்ஷ்..."