5 எர்லாங் டிராஃபிக்குக்கு 5 லைன் ஏன் பத்தாது?

வணக்கம். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க, இன்னிக்கு ஒரு கணக்குப் போடப்போறோம்.

ஒரு ஆபீஸ். நாள்ல ரொம்ப நெரிசலான ஒரு மணி நேரத்துல 100 கால் வருது, ஒரு கால் சராசரியா 3 நிமிஷம். மொத்தம் 300 நிமிஷம், 60-ஆல வகுத்தா 5. இதைத்தான் 5 எர்லாங்னு சொல்றோம். அப்போ 5 லைன் போட்டா சரியாப்போச்சுன்னு தோணும். போட்டுப் பாருங்க, 100-க்கு 28 காலுக்கு பிஸி டோன்தான். ஏன்னா கால் வரிசைகட்டி ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வராது. திடீர்னு எட்டு பேர் சேர்ந்து கூப்பிடுவாங்க, அடுத்த நிமிஷம் ரெண்டு லைன் சும்மா கிடக்கும்.

இதைக் கணக்குல பிடிச்சவர் ஆக்னர் கிராருப் எர்லாங். 1908-ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனில சேர்ந்தார். கால்கள் வர்றது பாய்சான் விதிப்படின்னு (ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம தற்செயலா வர்றதுக்கான கணக்கு விதி) 1909-ல காட்டினார், எத்தனை லைன் இருந்தா எத்தனை காலுக்கு பிஸி டோன்னு சொல்ற ஃபார்முலாவையே 1917-ல கொடுத்துட்டார். அதுக்குப் பேரு எர்லாங் பி. இப்படிக் கணக்குப் போட்டு வேலையைத் திட்டமிடறதுக்கு 'ஆபரேஷனல் ரிசர்ச்'ங்கிற பேரு பிரிட்டன்ல ரேடார் வேலையில புழக்கத்துக்கு வந்தது 1930-கள் கடைசிலதான். பேரு வர்றதுக்கு 20 வருஷம் முன்னாடியே வேலை நடந்திருக்கு!

ஃபார்முலால ஃபேக்டோரியல் பாத்து பயப்படாதீங்க, கையாலயே போடலாம். லைன் பூஜ்யம்னா பிளாக்கிங், அதாவது பிஸி டோன் கேக்கற கால்களோட பங்கு, 1. ஒவ்வொரு லைன் கூட்டும்போதும், முந்தின விடையை 5-ஆல (நம்ம எர்லாங் எண்) பெருக்குங்க. வந்ததோட இப்போதைய லைன் எண்ணைக் கூட்டி, அதால வந்ததை வகுங்க. முதல் லைனுக்கு 5-ஐ 6-ஆல வகுத்து 0.833. ரெண்டாவதுக்கு 4.167-ஐ 6.167-ஆல வகுத்து 0.676. இப்படியே போனா 10 லைன்ல 1.8 சதவீதம், 11 லைன்ல 0.8. நூத்துல ஒரு காலுக்கு மேல போகக்கூடாதுன்னா 11 லைன் வேணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்: இதே மாதிரி ரெண்டு ஆபீஸ் தனித்தனியா இருந்தா 22 லைன். ஒரே குரூப்பா சேர்த்து 10 எர்லாங் ஆக்கினா 18 போதும். நாலு லைன் மிச்சம், சர்வீஸ் கொஞ்சமும் குறையாது.

இப்போ தப்பு எங்க நடக்குது? மொத தப்பு, நாள் முழுக்க உள்ள சராசரியை எடுக்கறது. நெரிசலான மணி நேரத்தைத்தான் எடுக்கணும். ரெண்டாவது இன்னும் மோசம். மீட்டர்ல பதிவாகுறது கிடைச்ச கால் மட்டும்தான், பிஸி டோன் கேட்டவங்க அதுல இல்ல. ஏற்கெனவே நெரிசல்ல இருக்கற குரூப்பை அளந்து அதையே ஃபார்முலால போட்டா தேவை குறைச்சலாத்தான் தெரியும். பிஸி டோன் கேட்டவங்க உடனே ரீடயல் பண்ணுவாங்க, அதுவும் ஃபார்முலாவுல கிடையாது.

கஸ்டமர் கேர்ல காத்திருக்க வைக்கிறீங்களா? அங்க எர்லாங் பி வேண்டாம், க்யூல காத்திருக்கறவங்களுக்கான எர்லாங் சி ஃபார்முலாவைப் போடுங்க. 5 எர்லாங்குக்கு 5 ஆள் மட்டும் உக்காந்தா க்யூ வளர்ந்துக்கிட்டே போகும், குறைஞ்சது 6 பேராவது வேணும்.