பெயிண்ட் வாளி மூடியில விளைஞ்ச ஒரு மணங்கு உப்பு

வணக்கம், எல்லாருக்கும் வணக்கம். முதல்ல இதைப் பாருங்க. இருங்க, கேமராவுக்குக் கிட்ட கொண்டு வரேன். தெரியுதா? சதுரம் சதுரமா மின்னுதே, உப்பு! கடையில வாங்கின பாக்கெட் இல்லை. எங்க அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்க பள்ளிக்கூட மொட்டை மாடியில விளைய வச்சது. நேத்து சாயங்காலம் வாரினோம். இன்னிக்கு முழுக்க எனக்குத் தரையில கால் நிக்கலை.

உப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கோபத்தை இறக்கி வச்சிடறேன். இந்தச் சேனலை ரெண்டு வருஷமாப் பார்க்கறவங்களுக்குத் தெரியும், எனக்கும் தெர்மாகோலுக்கும் ஆகாது. போன வாரம் எங்க தெருவுல ஒரு வீட்டுல, நாலாம் வகுப்புப் பொண்ணுக்கு 'சுதந்திரப் போராட்டம்'னு ப்ராஜெக்ட் கொடுத்திருக்காங்க. அவங்க அப்பா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து செங்கோட்டை வெட்டிக்கிட்டு இருந்தாரு. தெர்மாகோல், பசை, சிவப்பு பெயிண்ட், சின்னக் கொடி எல்லாம் சேர்த்து நானூத்து இருபது ரூபாய். குழந்தை எட்டரை மணிக்கே தூங்கிடுச்சு. மறுநாள் நான் அவகிட்ட, "என்ன கண்ணு செஞ்சே?"ன்னு கேட்டா, "நான் செய்யலை ஆன்ட்டி, தூக்கிட்டு மட்டும் போனேன்"னு சொல்றா. அவங்க அப்பா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாசத்துல செஞ்சாரு. ஆனா அந்த நானூத்து இருபது ரூபாயில வெள்ளைக்காரன் ஆட்சி பத்தி அந்தக் குழந்தைக்கு ஒரு வரியாவது உள்ளே போச்சா? போகலையே!

செங்கோட்டை எப்படி இருந்துச்சுன்னு பத்து வயசுக் குழந்தைக்குப் படத்துல காட்டினாலே போதும். படத்துல காட்ட முடியாத ஒண்ணு இருக்கு. உப்பு மாதிரி ஒரு பொருளுக்கு வரி போட்டா அது எப்படி வலிக்கும்னு. அதுக்குக் கைதான் வேணும். போன தடவை அவுரி, அதான் நீலச் சாயம் எடுக்கற செடி, அந்த வீடியோவுலயும் இதைத்தான் சொன்னேன். அதுல சாயம் சரியா ஏறலை, அது வேற கதை.

சரி, உப்புக்கு வரேன்.

கடல் தண்ணி ஒரு லிட்டர்ல சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். எங்களுக்குக் கடல் பக்கத்துல இல்லை. அதனால கல் உப்பைத் தண்ணியில கரைச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, நாமே கடல் தண்ணி செஞ்சுக்கணும். பாக்கெட் தூள் உப்பு வேண்டாம், கல் உப்பே எடுங்க. அழுக்கு துணியில தங்கறதைப் பிள்ளைங்க பார்க்கணும், அதுவும் பாடம்தான். நான் லிட்டருக்கு 35 போடலை, 37 கிராம் போட்டேன். ஏன் 37ன்னு பின்னாடி சொல்றேன். இந்த வீடியோவுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

இப்போ தட்டு. இந்தத் தட்டுக் கதையைக் கொஞ்சம் பொறுமையாக் கேட்டே ஆகணும், ஏன்னா எனக்கு அஞ்சு நாள் போச்சு. மண் தட்டுல செஞ்சா அழகா இருக்கும், பழைய காலம் மாதிரி இருக்கும்னு நெனைச்சேன். ஒண்ணு இருபத்தஞ்சு ரூபாய்னு ஆறு அகலத் தட்டு வாங்கினேன், நூத்தம்பது ரூபாய். உப்புத் தண்ணி ஊத்தி வெயில்ல வச்சாச்சு. மூணாம் நாள் பார்த்தா தட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லை! பிள்ளைங்க முகமெல்லாம் விழுந்துடுச்சு. ஒரு பையன் தட்டைத் தூக்கி அடியில பார்க்கறான், வெள்ளையாப் பூத்திருக்கு. மண் தண்ணியைக் குடிச்சு, உப்பு வெளிப்பக்கமாப் போய்ப் படிஞ்சிருக்கு. சுரண்டினா மண்ணோட வருது. பழைய வீட்டுச் செவுத்துல உப்புப் பூக்குமே, அதே சங்கதி. மறுபடியும் கரைச்சு, மறுபடியும் ஊத்தி, ரெண்டு நாள் காத்திருந்து, மறுபடியும் அதே.

அப்புறம் எவர்சில்வர் தாம்பாளம். நல்லாத்தான் வந்துச்சு. ஆனா எங்கிட்ட ஒண்ணுதான், ஆறு குழுவுக்கு எங்கே போறது? கடையில ப்ளாஸ்டிக் ட்ரே நூத்திருபது சொன்னாங்க. ஆறு ட்ரே எழுநூத்து இருபது! திரும்பி நடந்துட்டேன். வர்ற வழியில ஒரு வீட்டுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல இருபது லிட்டர் பெயிண்ட் வாளி மூடிங்க கிடக்கு. கவுத்துப் போட்டா ஓரத்துல வரம்பு, நடுவுல பாத்தி. உப்பளப் பாத்தியேதான்! "அண்ணே, இதை எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டேன். "எத்தனை வேணும்மா?"ன்னு எட்டு மூடி கொடுத்தாரு. காசு வாங்கலை. அந்த அண்ணனுக்கு இந்த வீடியோவுல ஒரு பெரிய நன்றி.

மூடியை நல்லாத் தேய்ச்சுக் கழுவிக்கோங்க. ஒரு விரக்கடை ஆழம் வேண்டாம், அதுல பாதி போதும். ஆழம் கம்மியா இருந்தாத்தான் சீக்கிரம் காயும். முதல்ல ஒரு தடவை ஊத்திட்டு, காயக் காய மேலே மேலே ஊத்தி, ஒரு மூடிக்கு மொத்தம் ஒரு லிட்டரை முடிக்கணும். எங்களுக்கு நாலு நாள் ஆச்சு, நடுவுல ஒரு சாயங்காலம் மேகம் போட்டுடுச்சு. ஆங், முக்கியமானதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க: மூடியில விளைஞ்ச உப்பை வாயில வைக்கவே கூடாது. பெயிண்ட் மூடி அது. ருசி பார்க்கணும்னு பிள்ளைங்க துடிப்பாங்க, அதுக்குத்தான் அந்த ஒரு தாம்பாளத்தைத் தனியா வச்சேன்.

இப்போ 37. 1930ல உப்பு வரி ஒரு மணங்குக்கு ஒண்ணேகால் ரூபாய், அதாவது ஒரு ரூபாய் நாலு அணா. மணங்குங்கறது பழைய எடை அளவு; அந்தச் சட்டத்து மணங்கு சுமார் 37 கிலோ. நம்ம பக்கத்துப் பழைய மணங்கு அதைவிட ரொம்பச் சின்னது, அதோட குழப்பிக்காதீங்க. ஒரு கிராமை ஒரு கிலோன்னு வச்சுக்கிட்டா, ஒரு மூடி விளைச்சல் ஒரு மணங்கு! வரி நேரா ஒரு ரூபாய் நாலு அணா. ராத்திரி ஒன்பது மணிக்கு இது எனக்குத் தோணினப்போ சமையல்கட்டுல நின்னு கை தட்டினேன்.

காசு நாங்களே செஞ்சோம், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னெண்டு தம்பிடி. தம்பிடின்னா என்னன்னு வீட்டுல தாத்தா பாட்டிகிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னேன். மறுநாள் வகுப்பே தம்பிடி தம்பிடின்னுதான் பேசிச்சு. ஒவ்வொரு குழுவுக்கும் உழைப்புக்கு ரெண்டு ரூபாய் கொடுத்தேன். உப்பை எடை போட்டாங்க. ஒரு குழுவுக்கும் முழுசா 37 வரலை, 31, 33ன்னுதான் வந்துச்சு. மூடியில ஒட்டினது, விரல்ல ஒட்டினது. இருந்தாலும் வரி வாங்க மேசையில 'உப்பு இலாகா' இன்ஸ்பெக்டரா உக்காந்திருந்த பையன் எல்லாருக்கும் ஒரு மணங்குன்னே கணக்கு எழுதிட்டான். அதுக்கே சண்டை! ரெண்டு ரூபாயில ஒரு ரூபாய் நாலு அணா போச்சு. ரூபாயை உடைச்சு அணாவா மாத்தினாத்தான் கழிக்க முடியும். மிச்சம் பன்னெண்டு அணா. நாலு நாள் வெயில்ல காவல் இருந்த ஒரு பொண்ணு அந்தப் பன்னெண்டு அட்டையைக் கையில வச்சுக்கிட்டு எதுவுமே பேசலை. தெர்மாகோல் செங்கோட்டையைப் பார்த்து எந்தக் குழந்தையும் அப்படி நின்னதில்லை.

ஆனா இதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், ராத்திரிதான் உறைச்சுது. உப்பு வாருற தொழிலாளி கையில இருந்து அரசாங்கம் நேரா வரி பிடுங்கலை. அளத்துல இருந்து உப்பு வெளியே போகும்போது வியாபாரி கட்டுவாரு, கட்டினதை விலையில ஏத்திடுவாரு. அதனால மறுநாள் விளையாட்டை மாத்தினேன். விளைவிக்கறவங்க, வியாபாரி, வாங்கறவங்கன்னு மூணு பிரிவு. வாங்கறவங்கள்ல ஒருத்தருக்கு நூறு ரூபாய் அட்டை, இன்னொருத்தருக்கு ரெண்டே ரூபாய் அட்டை. ரெண்டு பேருக்கும் ஒரே விலை. "இப்போ வரி கட்டினது யாரு?"ன்னு கேட்டேன். முதல்ல எல்லாரும் வியாபாரியைக் காட்டினாங்க. அப்புறம் ரெண்டு ரூபாய்க்காரப் பையன் கையைத் தூக்கி, "நான்தான் டீச்சர், அவரு என்கிட்ட வாங்கிட்டாரு"ன்னான். காந்தி ஏன் மத்த வரியெல்லாம் விட்டுட்டு உப்பைப் பிடிச்சாருன்னு நான் அதுக்கப்புறம் தனியா விளக்க வேண்டியிருக்கலை.

இன்னொரு கேள்வி வந்துச்சு. மேசையில உக்காந்திருந்த பையன் கேட்டான், "டீச்சர், நிஜத்துல இந்த இன்ஸ்பெக்டர் வேலையை வெள்ளைக்காரங்களா பார்த்தாங்க?" இல்லை கண்ணு, சம்பளத்துக்கு நம்ம ஆளுங்க நிறைய பேர் பார்த்தாங்கன்னு சொன்னேன். அவன் முகம் மாறிடுச்சு. இதை மறைக்கக் கூடாதுன்னு நான் உறுதியா நெனைக்கறேன். சின்னப் பிள்ளைங்கதானேன்னு நாம மறைக்கற விஷயத்தைத்தான் அவங்க சரியாக் கேப்பாங்க. அதே சமயம், சாட்டையால அடிக்கற மாதிரி, கட்டிப் போடற மாதிரி நடிக்க வைக்காதீங்க. வலியைப் புரிய வைக்க ஒரு குழந்தையை இன்னொரு குழந்தை முன்னாடி அவமானப்படுத்த வேண்டியதில்லை. மாறுவேடமும் எனக்குப் பிடிக்காது. தொப்பி போட்டதும் எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.

ரெண்டாவது பாகம், வேதாரண்யம். உப்பு நடைன்னா எல்லாரும் காந்தியோட தண்டிக்குப் போயிடறாங்க, நம்ம ஊர் உப்பு நடையைப் பாதிப் பேர் சொல்றதே இல்லை. 1930, ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு அன்னிக்கு ராஜாஜி திருச்சியில இருந்து கிளம்பினாரு. கூட நூறு பேர் கிட்ட. சுமார் 240 கிலோமீட்டர். 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தாங்க. 30ஆம் தேதி உப்பு அள்ளினதும் ராஜாஜியைக் கைது பண்ணிட்டாங்க. அங்கே சிறைக்குப் போனவங்கள்ல ருக்மிணி லட்சுமிபதியும் ஒருத்தர். அவங்க பேரைச் சொன்னதும் பொண்ணுங்க நிமிர்ந்து உக்காந்தாங்க.

மைதானத்துல ஒரு அடி ஒரு கிலோமீட்டர்னு 240 அடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு ஊர் அட்டை. 15 நாள்ல போனாங்க, அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு? 16. கோட்டுல பதினாறு அடி தூரம் போனதும் நிக்கணும், அது ஒரு நாள். முதல் 'நாள்'ல ஓடினவங்க எல்லாம் பத்தாவது 'நாள்'ல வெயில்ல நிழல் தேடினாங்க. அப்போதான் அந்தக் கதையைச் சொன்னேன். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடந்து வர்றவங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில்னு உத்தரவு போட்டாரு. ஜனங்க என்ன பண்ணாங்க? நேராக் கொடுத்தாத்தானே குத்தம்! சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வழியில மரக்கிளையில தொங்கவிட்டுட்டாங்க. ஆத்தங்கரையில பாத்திரத்தோட புதைச்சு, அடையாளம் வச்சுட்டுப் போனாங்க.

எங்க வேப்பமரத்துல முன்னாடியே பொரிகடலைப் பொட்டலம் மந்தாரை இலையில கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சொல்லலை. கதை முடிஞ்சதும் ஒரு பொண்ணு தலையைத் தூக்கி மேலே பார்த்தா. அந்தச் சத்தம் ஹெச்எம் அறை வரைக்கும் கேட்டுச்சு, சார் பதறி வெளியே வந்துட்டாரு. அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். எறும்பு வந்துடும், காலையிலேயே கட்டாதீங்க. எனக்கு ரெண்டு பொட்டலம் போச்சு.

வேலிக் கதையை விட்டுட்டேன்! வடக்கே உப்புக் கடத்தலைத் தடுக்கறதுக்காகவே கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளின்னு மைல் கணக்குல முள்வேலி வளர்த்தாங்க. 1879லதான் கைவிட்டாங்க. இதைச் சொன்னதுல இருந்து பிள்ளைங்க பள்ளிக்கூட வேலியில என்னென்ன செடி இருக்குன்னு எண்ணிக்கிட்டு இருக்காங்க. அது அவங்களே ஆரம்பிச்சது.

அடுத்தது தூத்துக்குடி. வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணி, பங்கு ஒண்ணு 25 ரூபாய்னு ஜனங்ககிட்ட வித்தாரு. வெள்ளைக்காரக் கம்பெனி போட்டிக்கு டிக்கெட் விலையைக் குறைச்சுக் குறைச்சு, கடைசியில இலவசம், கூட ஒரு குடையும் தர்றோம்னு வந்துச்சு. வகுப்புல ரெண்டு டிக்கெட் கவுன்ட்டர் போடப் போறேன். பிள்ளைங்க எந்த வரிசையில நிப்பாங்கன்னு எனக்கே பயமா இருக்கு. ஆறு பழைய குடை வேணும், கம்பி உடைஞ்சிருந்தாலும் பரவாயில்லை. இதுவரைக்கும் ரெண்டுதான் கிடைச்சிருக்கு. கிடைச்சதும் அடுத்த வீடியோ.