3 கிலோ டார்பிடோவும் 64 மெகாடன் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

விண்கப்பல் தொடர்களில் வரும் ஆயுதங்களின் பலத்தைப் பற்றி விவாதம் கிளம்பினால், ஒருவர் வசனத்தைப் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் திரையில் தெரிந்த வெடிப்பைக் காட்டுகிறார். இன்னொருவர் கையேட்டைப் புரட்டுகிறார். எதற்கு முதலிடம் என்று பேசி முடிக்காமல் கணக்கில் இறங்கினால் விடிய விடியப் பேசினாலும் தீராது. திரைக்காட்சியும் தவறும். ஸ்டார் ட்ரெக்கின் 'டார்மாக்' அத்தியாயத்தில் ஃபேசர் என்னும் கதிர் ஆயுதத்தின் கதிர், டார்பிடோ என்னும் ஏவுகுண்டுகளை வீசும் குழாயிலிருந்து பாய்கிறது. அது காட்சி அமைத்தவர்களின் பிழை. அதை வைத்துப் புதுக் கொள்கை கட்டக்கூடாது.

அதே தொடரின் ஃபோட்டான் டார்பிடோவையே எடுத்துக்கொள்வோம். 1991-ல் வந்த தொழில்நுட்பக் கையேட்டின்படி அதில் 1.5 கிலோ பருப்பொருள், 1.5 கிலோ எதிர்ப்பொருள் (பருப்பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஆற்றலாகும்). முழுவதும் அழிந்தால் சுமார் 64 மெகாடன், அதாவது 6.4 கோடி டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல். இது உச்சவரம்பு. இந்த ஆற்றல் மொத்தமும் ஓர் இரும்பு விண்கல்லுக்குள் இறங்கினால், ஏறக்குறைய 200 மீட்டர் விட்டமுள்ள கல்லை ஆவியாக்கலாம். மேற்பரப்பில் வெடித்தால் பாதி ஆற்றல் வெளியே போய்விடும். தள்ளி வெடித்தால் இன்னும் மோசம்: வெற்றிடத்தில் அதிர்ச்சி அலையைச் சுமந்துவரக் காற்று இல்லை, தூரம் இரட்டித்தால் இலக்கில் விழும் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகிறது. 'கல் ஆவியாகவில்லை, உடைந்துதான் போனது, ஆகவே ஆயுதம் பலவீனம்' என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வாட், ஜூல் குழப்பம்தான் அதிகம் சண்டை மூட்டுவது: ஜூல் ஆற்றலின் அளவு, வாட் என்பது வினாடிக்கு இத்தனை ஜூல். 'ட்ரூ க்யூ' அத்தியாயத்தில் கப்பல் அதிகாரி டேட்டா, கப்பலின் எஞ்சின் 1275 கோடி கிகாவாட் தருவதாகச் சொல்லி, 'ஒரு (இவ்வளவு நேரத்துக்கு)...' என்று தொடங்கும்போதே பேச்சு அறுபடுகிறது. வாட் என்பதிலேயே 'வினாடிக்கு' அடங்கிவிட்டதால் அந்த 'ஒரு...' என்ற சொல்லே இடறல். வெறும் வாட்டாக எடுத்தால், ஒவ்வொரு வினாடியும் 47 டார்பிடோக்களின் ஆற்றல்! ஆனால் 'தி சர்வைவர்ஸ்' அத்தியாயத்தில் அதே கப்பலைக் காக்கும் ஆற்றல் கேடயம் 400 கிகாவாட்டில் விழுகிறது. அது வினாடிக்கு 95 டன் டிஎன்டி-தான். எத்தனை வினாடி, எவ்வளவு பரப்பில் என்று தெரியாமல் இந்த இரண்டு எண்களையும் மோதவிடுவது வீண்.

'தி டை இஸ் காஸ்ட்' அத்தியாயம் இன்னும் சிக்கலானது. 20 கப்பல்களின் முதல் தாக்குதலிலேயே கோளின் மேலோட்டில் 30 சதவீதம் அழிந்ததாக வசனம். பூமி அளவுள்ள கோள் என்று வைத்து, அவ்வளவு பாறையை உருக்க மட்டும் கணக்கிட்டால் 4000 கோடிக்கு மேல் டார்பிடோக்கள் வேண்டும். ஆனால் அதே காட்சியில் உயிர் அறிகுறிகள் சற்றும் குறையவில்லை. கோளிலிருந்து பொய்ச் சமிக்ஞை போய்க்கொண்டிருந்தது. உயிர்களைத் தவறாகக் காட்டிய கருவிகளை, பாறைக் கணக்குக்கு மட்டும் நம்பி இந்த எண்ணை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.