ஊர் கூடி நிறுத்தும் சிற்பம்

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, உடல்நலம் குன்றியிருந்தும் மாமல்லபுரத்திலிருந்து வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் மூத்த சிற்பி ஐயா அவர்களே, இந்நூலகத்தின் வாசகர் வட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தாங்கி வரும் செயலாளர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரவுசெலவுத் திட்டத்துக்கான வேலைகள் குவிந்திருக்கும் இந்நாள்களில் நகர்மன்றத் தலைவர் அவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கி இங்கே அமர்ந்திருப்பது எளிய செயலன்று. சிற்பி ஐயா அவர்களின் உளியோசை கேட்டு வளர்ந்த மாணவர்கள் பலர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர் முன்னிலையில் சிற்பத்தைப் பற்றிப் பேசுவதை நான் பெற்ற பேறாகவே கருதுகிறேன்.

உலக நகரங்களில் திறந்த வெளியில் நிற்கும் சிற்பங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, மக்களின் ஒப்புதல். இரண்டாவது, பணம். மூன்றாவது, பராமரிப்பு. இம்மூன்றையும் இணைக்கும் பழமொழி ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும்: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1960களின் தொடக்கத்தில் நீதிமன்றங்களும் அரசு அலுவலகங்களும் அமையும் உயர்ந்த கட்டடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். அதன் முன்னால் ஒரு பெரிய சதுக்கம். அந்தச் சதுக்கத்தில் என்ன வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கட்டடக் கலைஞர்களில் ஒருவரான வில்லியம் ஹார்ட்மேன் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்து வந்த பாப்லோ பிக்காசோவைத் தேடிப் போனார். சிகாகோவின் ஒளிப்படங்களையும், அந்நகரத்தை நினைவூட்டும் பரிசுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு போனார். பிக்காசோ அப்போது எண்பதைக் கடந்தவர். அமெரிக்க மண்ணில் ஒருமுறையும் கால் வைக்காதவர். ஆயினும் இசைந்தார். 1965இல் ஓர் ஆளின் இடுப்பளவு உயரமுள்ள மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார். நகரம் 1,00,000 டாலர் காசோலையை நீட்டியது. அவர் அதை வாங்க மறுத்து, இது சிகாகோ மக்களுக்கு என் அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சிறு மாதிரியை 50 அடி உயரத்துக்கு வளர்த்தவர்கள் பக்கத்து மாநிலமான இண்டியானாவின் கேரி என்ற எஃகு நகரத்துத் தொழிலாளர்கள். பாலங்களுக்கு உத்திரம் செய்து பழகிய கைகள் அவை. காற்றும் மழையும் பட்டுத் துருவேறி, அத்துருவே கவசமாக நின்று காக்கும் ஒருவகை எஃகால் அதைச் செய்தார்கள். பின்னால் நிற்கும் கட்டடமும் அதே எஃகால் ஆனதுதான். 1967 ஆகஸ்ட் 15 அன்று மேயர் ரிச்சர்ட் டேலி திரையை விலக்கினார். கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் அந்நாளுக்கென எழுதிய கவிதையைப் படித்தார். திரை விழுந்ததும் கூடியிருந்த பல்லாயிரம் பேரும் திகைத்தார்கள். இது பெண்ணின் தலையா, நாயா, சிறகு விரித்த பறவையா? பிக்காசோ பெயரும் வைக்கவில்லை, பொருளும் சொல்லவில்லை. செய்தித்தாள்கள் கேலி செய்தன. இதை அகற்றிவிட்டு, நகரத்தின் செல்லப்பிள்ளையான எர்னி பேங்க்ஸ் என்ற பேஸ்பால் வீரருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் தீர்மானமே கொண்டுவந்தார். இன்று நமக்குப் புதிராகத் தெரிவது நாளை நமக்குப் பழகிப்போகும் என்று திறப்பு விழாவில் மேயர் டேலி சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அதன் சாய்வான அடிப்பகுதியில் ஏறிச் சறுக்கி விளையாடிய குழந்தைகள் தங்கள் பேரக் குழந்தைகளை அழைத்துவரும் காலமும் வந்துவிட்டது. சுற்றிலும் வேலி இல்லை, தொடாதே என்ற பலகை இல்லை. அவ்வூர் மக்கள் அதை வெறுமனே ‘பிக்காசோ’ என்று, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.

நியூயார்க் நகரத்தில் நடந்தது வேறு. 1981இல் அங்குள்ள நடுவண் அரசு வளாகத்தின் சதுக்கத்தில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 120 அடி நீளமும் 12 அடி உயரமும் உள்ள வளைந்த எஃகுச் சுவர் ஒன்றை நிறுத்தினார். கலை நோக்கில் அது வலிமையான படைப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் அச்சதுக்கத்தைக் கடந்து அலுவலகம் செல்பவர்களுக்கும், மதிய வேளையில் அங்கே அமர்ந்து உண்பவர்களுக்கும் அது வழியை மறித்த சுவராகவே தெரிந்தது. 1985இல் பொது விசாரணை நடந்தது. சிற்பம் இருக்கட்டும் என்று 122 பேரும், போகட்டும் என்று 58 பேரும் பேசினார்கள். இருந்தும் அகற்றலாம் என்றே விசாரணைக் குழு முடிவு செய்தது. அந்த இடத்துக்கென்றே செய்ததை அங்கிருந்து எடுப்பது அதை அழிப்பதாகும் என்று செர்ரா வாதாடினார். வழக்குகள் தோற்றன. 1989 மார்ச் 15ஆம் நாள் இரவில் அதைத் துண்டு துண்டாக அறுத்து எடுத்துச் சென்றார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த விசாரணையின் பாதிக் கேள்விகளையாவது முன்பே கேட்டிருந்தால், சிற்பியும் அங்கு வேலை செய்தவர்களும் பகைவர்களாகியிருக்க மாட்டார்கள்.

சிகாகோவிலும் மக்களை முன்கூட்டிக் கேட்கவில்லையே என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே சிற்பம் யார் வழியையும் மறிக்கவில்லை. ஏறி விளையாட இடம் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, அந்நகரம் ஒரு சிற்பத்தோடு நிற்கவில்லை. 1974இல் அலெக்சாண்டர் கால்டரின் செந்நிறச் சிற்பம் வந்தது. 1978இல், நகரம் கட்டும் பொதுக் கட்டடங்களின் செலவில் ஒரு பங்கு கலைக்கு என்று சட்டமே இயற்றினார்கள்.

நான் மேடைதோறும் வலியுறுத்தி வரும் கோரிக்கையும் இதுதான்: ஒரு விழுக்காடு. பிரான்சு 1951இல் கல்விக் கட்டடங்களில் தொடங்கியது. பிலடெல்பியா நகரம் 1959இல் விதியாக்கியது. சியாட்டில் 1973இல் பின்தொடர்ந்தது. முப்பது கோடி ரூபாயில் ஒரு பேருந்து நிலையம் கட்டினால் முப்பது இலட்சம் ரூபாய் கலைக்கு. அந்தத் தொகை ஒரு சிற்பியின் பட்டறையில் பல பேருக்கு ஓராண்டு வேலை கொடுக்கும். 1957 முதல் மாமல்லபுரத்தில் அரசுச் சிற்பக் கல்லூரி நடத்துகிறோம். அங்கே பயின்று வெளிவரும் பிள்ளைகளுக்குக் கோயில் திருப்பணியை விட்டால் நம் நகரங்கள் தரும் வேலை என்ன? தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. பெயர் பொறித்த தலைவர் எவரும் அதில் இல்லை. பாறையைப் புரட்டும் நான்கு தொழிலாளர்கள் மட்டுமே. அத்தகைய சிற்பங்கள் நம் ஊர்களில் ஏன் பெருகவில்லை என்ற கேள்விக்கு, திறமை இல்லை என்பது விடையாகாது. ஒதுக்கீடு இல்லை என்பதே விடை.

நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரம் 1921இல் குஸ்தாவ் விகெலாந்து என்ற சிற்பியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. நகரம் அவருக்குப் பட்டறையும் வீடும் கட்டித் தரும். அவர் தம் படைப்புகளை நகரத்துக்கு அளிப்பார். அதன் பயனாக இன்று அங்குள்ள பூங்காவில் இருநூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள் கட்டணமின்றி நிற்கின்றன. அங்கே கால் உதைத்து அழும் சிறுவனின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. வருவோர் பிடித்துப் பிடித்து அவன் கை மட்டும் பொன்னாக மின்னுகிறது. அரங்கில் இருக்கும் ஆட்சியாளர்களை நான் வேண்டிக் கேட்கிறேன்: நம் சிலைகளைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டுகளைப் பாருங்கள்.

பராமரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இடந்தரவில்லை. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் சிகாகோவில் 168 எஃகுத் தகடுகளை இணைத்து, இணைப்பே தெரியாமல் மெருகேற்றிய கண்ணாடி போன்ற சிற்பத்தின் கீழ்ப்பகுதியை நாள்தோறும் ஆள் வைத்துத் துடைக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன். அந்த ஆளின் ஊதியமும் ஒரு விழுக்காட்டுக் கணக்கில் சேர வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பதால், தலைவர் அவர்கள் சற்று நேரத்தில் படிக்கவிருக்கும் தீர்மானத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறோம். புதிய பேருந்து நிலையத்தின் மதிப்பீட்டில் ஒரு விழுக்காடு சிற்பத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சிற்பிகளோடு, நிலையத்தில் கடை வைத்திருப்பவர்களும் நாள்தோறும் பேருந்து ஏறும் மாணவர்களும் இடம்பெற வேண்டும். கையெழுத்துப் படிவங்கள் வாயிலருகே மேசைமேல் இருக்கின்றன. அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு முன் அவற்றை நகர்மன்றத் தலைவர் அவர்களிடம் சேர்க்க வேண்டியிருப்பதால், தேநீர் அருந்தும் முன்பே ஒப்பமிட்டுத் தருமாறு வேண்டுகிறேன். வணக்கம்.