முதலைக்குப் பண்ணை உண்டு, பாசிக்கு?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணைக்குப் போனவர்கள் அங்குள்ள பண்ணையில் முதலைகளைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்காகச் சுட்டும் வலைபோட்டும் ஏறக்குறையத் தீர்த்துவிட்ட இனம் அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் முதலைத் திட்டம் தொடங்கியது. முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குட்டிகளை வளர்த்து நீர்நிலைகளில் விட்டார்கள். ஆபத்து முழுவதும் நீங்கவில்லைதான். ஆனால் செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்திருந்தது.

பழனி மலைச் சோலையில் மரப்பட்டையை ஒட்டி வளரும் ஓர் அரிய பாசிக்கு என்ன செய்வது? குளத்தில் மிதப்பதைச் சொல்லவில்லை. தாவரவியல் புத்தகத்தில் மாஸ் என்று படித்தோமே, அது. அதற்கு வேர் கிடையாது. பெரும்பாலும் ஒரே செல் அடுக்காக இருக்கும் இலைதான் நீரை நேராக உறிஞ்சுகிறது. வறட்சி வந்தால் முதலை வளை தோண்டிப் பதுங்கும், இல்லையேல் தரைவழி நடந்து வேறு குளம் தேடும். பாசி இருந்த இடத்திலேயே சுருண்டு காய்ந்து, அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

காய்வதைத் தாங்கிவிடும், இனம் பெருக்குவதில்தான் சிக்கல். பல பாசி இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆணணு ஈரப்படலத்தில் நீந்தித்தான் பெண்ணை அடைய வேண்டும். ஒன்று இந்த மரத்திலும் மற்றொன்று அடுத்த மரத்திலும் இருந்தால், இரண்டும் நலமாக வாழ்ந்தும் கருவுற்றுப் பிறக்கும் சந்ததி இராது.

தொட்டியில் வளர்த்துக் காட்டலாமே என்பீர்கள். காட்டலாம். திரும்பக் கொண்டுபோய் விட ஈரம் காயாத மரம் வேண்டாமா? முதலை அந்த 1972 சட்டத்தின், உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. செடிகளுக்கென்று 1991இல் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். அப்போது அதில் ஆறே பதிவுகள், பாசி ஒன்றுகூட இல்லை. கண்ணில் படாததற்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்! இத்தனைக்கும் மஞ்சளாறும் வராகநதியும் அந்தப் பாசி வளரும் பழனி மலைத்தொடரில் பிறந்துதான் நம் வைகையில் சேர்கின்றன.

முதலையை எண்ண இரவில் டார்ச் அடித்தால் போதும், கண்கள் மின்னும். பாசியை இனம் காண இலைச் செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ அந்த வேலையைப் பொறுமையாகச் செய்து, பழனி மலைப் பாசிகளின் பட்டியலை 1961இல் வெளியிட்டார். மதுரைக் கல்லூரிகளில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பட்டியலோடு மலையேறலாம். ஐப்பசி மழைக்குப் பின் போங்கள், அப்போதுதான் இலை விரிந்திருக்கும். இனம் காணத்தான் மைக்ராஸ்கோப், அங்கே பார்த்து ரசிக்கப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். மாதிரி எடுப்பதானால் வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.